இன்னும் அழுத்து என்கிற உபதேசம்

உழைத்தால் எதுவும் வரும் என்பது சென்னையின் கொருக்குப்பேட்டையில் கிட்டத்தட்ட ஒரு மதநம்பிக்கை. சரக்கு ரயில்களையும் கிடங்குகளையும் சுற்றி வளர்ந்த பகுதி அது. முதுகு வளைந்த வீட்டில்தான் அடுப்பு எரிந்திருக்கிறது. அந்த நம்பிக்கைக்கு ஒரு மறுபக்கமும் உண்டு: ஒன்று வரவில்லை என்றால் உழைப்பு போதவில்லை. தேவாலயப் பாடகர் குழுவில் வாசிக்க வேண்டும் என்றோ, 2018 ஜனவரியில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு கானாவையும் ராக் இசையையும் ஒரே மேடையில் ஏற்றியதைப் பார்த்தோ பேஸ் கிட்டாரைத் தூக்குகிற பிள்ளைக்கும் இதே தீர்ப்புதான். கம்பி இரைகிறதா, இன்னும் அழுத்து. விரல் வலிக்கிறதா, வலிக்கத்தான் செய்யும், இன்னும் அழுத்து. முயற்சி தோற்கிற இடத்தில் மருந்தும் கூடுதல் முயற்சிதானா? இசை வகுப்புகள் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே சமயங்கள் கேட்டுக்கொண்ட கேள்வி இது.

பௌத்த நூல்களில் இதற்கு ஒரு வழக்கே இருக்கிறது. (அயோத்திதாசரும் லட்சுமி நரசுவும் பௌத்தம் பேசிய நகரம்தானே இது, வெகுதூரம் போக வேண்டியதில்லை.) சோணன் பெருஞ்செல்வர் வீட்டுப் பிள்ளை, மென்மையான பாதங்கள். துறவியான பிறகு, நடந்தபடியே செய்யும் தியானத்தில் பாதம் கிழிந்து வழியெல்லாம் இரத்தமாகும் அளவுக்கு முயன்றார். பலனில்லை. வீடு திரும்பி, இருக்கிற செல்வத்தைக் கொண்டு தானதருமம் செய்யலாமே என்று நினைக்கத் தொடங்கினார். அவர் முன்பு வீணை வாசித்தவர் என்பதால் புத்தர் வீணையையே உதாரணமாக எடுத்துக்கொண்டு கேட்டார்: நரம்பு அதிகம் முறுகினால் வாசிக்க வருமா, அதிகம் தளர்ந்தால் வருமா? கதையை ‘எதையும் அளவோடு செய்’ என்று சுருக்கிச் சொல்வது நம் வழக்கம். அந்தச் சுருக்கத்தை நான் ஏற்கவில்லை. இரண்டு பிழைகளைக் கூட்டிப் பாதியாக வகுத்தால் சரியான விடை வந்துவிடாது.

பேஸ் கிட்டார் இதைக் கையோடு காட்டிவிடுகிறது. வழக்கமான பேஸில் கம்பியின் அதிரும் நீளம் 34 அங்குலம். முனையிலிருந்து முதல் ஃபிரெட் (கிட்டார்க் கழுத்தின் குறுக்கே பதித்த பட்டை) வரை ஏறக்குறைய 48 மில்லிமீட்டர். சாதாரண எலெக்ட்ரிக் கிட்டாரில் அது 36 அளவில்தான் இருக்கும். இந்த அகலத்தில் விரலுக்கு ஒரு ஃபிரெட் என்று நான்கு விரலையும் விரிக்கிற புதியவருக்கு மணிக்கட்டு மடங்குகிறது. பின்னால் கட்டைவிரல் கழுத்தை நசுக்கத் தொடங்குகிறது. இரண்டு ஃபிரெட்டுகளுக்கு நடுவே விரல் விழுந்தால் முழு பலத்தோடு அழுத்தினாலும் கம்பி இரையலாம். அதே விரலை ஃபிரெட்டுக்குச் சற்றுப் பின்னால் ஒட்டி வைத்தால் கொஞ்சம் அழுத்தினாலே போதும். தவறான இடத்தில் அரைப்பங்கு பலம் என்பது தீர்வே கிடையாது. டபுள் பேஸ்காரர்கள் கீழ்ப்பகுதியில் விரலை விரிப்பதை விட்டுவிட்டு, ஆள்காட்டி, நடு, சுண்டு விரல்களால் அழுத்தி, மோதிரவிரலைச் சுண்டுவிரலுக்குத் துணையாக வைத்து, கையையே நகர்த்துகிறார்கள். வலது கையின் பாடு இன்னும் கடினம். மிகத் தடித்த கம்பி விநாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. அதைத் தொடாமல் விட்டாலும் மற்ற கம்பிகளின் அதிர்வில் தானும் சேர்ந்து முனகும். வாசிக்காத கம்பிகளை விரல் வைத்து அடக்குவது பயிற்சியில் பெரும் பங்கு. சத்தம் போதவில்லை என்று பலமாக இழுத்தால் கம்பி ஃபிரெட்டில் மோதிச் சடசடக்கிறது. சத்தத்தைக் கூட்டும் திருகு ஆம்ப்ளிஃபயரில் இருக்கிறது. பலத்துக்கு முன் இடம் என்கிற இதே வரிசை குறளிலும் உண்டு: முயற்சியைப் பேசும் ஆள்வினையுடைமையை வள்ளுவர் 62ஆம் அதிகாரத்தில்தான் வைக்கிறார். அதற்கு வெகு முன்னதாக 48, 49, 50 என்று வலியறிதல், காலமறிதல், இடனறிதல் மூன்றையும் அடுத்தடுத்து முடித்துவிடுகிறார். அரசனுக்குச் சொன்னதுதான், விரலுக்கும் பொருந்துகிறது.

இதெல்லாம் தேறியவர் பேச்சு, புதியவருக்கு முதலில் பலம்தானே வேண்டும் என்று கேட்கலாம். விரல் நுனி தடிக்க வாரங்கள் ஆகும், சுண்டுவிரல் பிறவியிலேயே பலவீனம்; மறுக்கவில்லை. ஆனால் பயிற்சி நல்லது கெட்டது பார்க்காது. எதைத் திரும்பச் செய்கிறோமோ அதையே உறுதிப்படுத்தும். நசுக்கிப் பிடித்தே ஆறு மாதம் பழகியவர் நசுக்குவதில்தான் தேர்ச்சி பெற்றிருப்பார். பதஞ்சலி யோகசூத்திரத்தின் முதல் பாதத்தில் நெடுங்காலம் இடைவிடாத பயிற்சியைக் கேட்கிறார். இரண்டாம் பாதத்தில் ஆசனத்தைப் பற்றிச் சொல்லும்போது முயற்சியைத் தளர்த்தச் சொல்கிறார். தினமும் உட்கார வேண்டும், உட்கார்ந்தபின் இறுக்கம் கூடாது. இரண்டும் சேர்ந்தே ஒரு பாடம்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது. தளர்த்து என்பது வயிறு நிறைந்தவன் தத்துவம். சோணன் பணக்காரன், திரும்பிப் போக வீடு இருந்தது. கொருக்குப்பேட்டைப் பிள்ளைக்கு என்ன இருக்கிறது? கைவண்டி இழுப்பவரும் மூட்டை தூக்குபவரும் இதை ஒப்பமாட்டார்கள் என்பது என் எண்ணம். மூட்டை எந்த இடத்தில் தோளில் உட்கார வேண்டும் என்று தெரியாதவர் அந்த வேலையில் நீடிப்பதில்லை. ஆனாலும் மறுப்பில் உண்மை உண்டு, அதற்கு விடை சோணன் கதையிலேயே, பலரும் விட்டுவிடுகிற பகுதியில் இருக்கிறது. துறவிகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் விநய நூலின்படி புத்தர் வீணை உபதேசத்தோடு நிற்கவில்லை. சோணன் செருப்பு அணியலாம் என்று அனுமதி தந்தார். எனக்கு மட்டும் என்றால் வேண்டாம், எல்லாத் துறவிகளுக்கும் என்றால் ஏற்கிறேன் என்றார் சோணன். ஒற்றை அடித்தோல் செருப்பு சங்கம் முழுவதற்கும் அனுமதிக்கப்பட்டது. மனத்தைத் திருத்தியதோடு நிலைமையையும் திருத்தினார்கள், அதுவும் எல்லோருக்குமாக.

பேஸிலும் பிழை பலநேரம் பிள்ளையிடம் இல்லை. கைமாறி வந்த மலிவுக் கருவியில் கம்பிகள் எட்டாத உயரத்தில் நிற்கும். கடற்கரைக் காற்றின் ஈரத்தில் மரக்கழுத்து வளையும், கம்பி துருப்பிடிக்கும். கழுத்துக்குள் ஓடும் டிரஸ் ராட் என்கிற இரும்புக் கம்பியை மட்டுமீறி முறுக்கினால் ஃபிரெட்டில் இரைச்சல். தளர்ந்துபோனால் கம்பி உயர்ந்து விரல் புண்ணாகும். அந்த ராடைச் சரிசெய்ய ஒரு சாவி போதும். ஆகவே பாடகர் குழுக்களிலும் தெருமுனை வகுப்புகளிலும் சொல்லித்தருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ‘இன்னும் அழுத்து’ என்று சொல்வதற்கு முன் அந்தக் கிட்டாரை வாங்கி, கம்பியின் உயரத்தையும் கழுத்தின் வளைவையும் ஒருமுறை பாருங்கள். வகுப்பில் இருக்கிற எல்லாக் கிட்டார்களையும் பாருங்கள்.