கல்மரமும் ஒரு காகிதமும்

பௌர்ணமியன்று திருவக்கரைக்குப் போனால் வக்கிரகாளியம்மன் கோயிலில் நிற்க இடம் கிடைக்காது. அதே ஊரில், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை வேலி போட்டுப் பாதுகாக்கிற கல்மரப் பூங்காவில் நாலு பேர் இருந்தால் அதிகம். வானூர் வட்டத்துக்காரர்களிலேயே அங்கே போகாதவர்கள் உண்டு. சுமார் 2 கோடி வருஷங்களுக்கு முன்னால் வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு, மணலில் புதைந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லாகிப்போன மரங்கள். பார்த்தால் மரம். தொட்டால் கல்.

நான் போயிருந்தபோது, கோயிலுக்கு வந்த ஒரு குடும்பம் அங்கேயும் எட்டிப் பார்த்தது. அப்பா தன் மகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

''1781-லே சோன்னரான்னு ஒரு பிரெஞ்சுக்காரர்தாம்மா இதைக் கண்டுபிடிச்சாரு.''

''அதுக்கு முன்னாடி இந்த ஊர்க்காரங்க யாருமே பாக்கலியாப்பா?''

''பாத்திருப்பாங்க... ஆனா அவருதானே எழுதி வெச்சாரு!''

சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டார்கள். எனக்குத்தான் அந்தக் கேள்வி வீடு வரைக்கும் கூடவே வந்தது. பார்த்தவன் ஒருத்தன், எழுதியவன் ஒருத்தன். சரித்திரத்தில் நிற்பது எழுதியவன் பெயர். இது நியாயம்தானா?

அவசரப்பட்டு 'அநியாயம்' என்று சொல்லிவிடாதீர்கள். பார்ப்பது மட்டுமே விஞ்ஞானம் ஆகிவிடாது. 'இது ஏன் இப்படி இருக்கு?' என்று கேட்டு, எழுதிவைத்து, மற்றவர்கள் சரிபார்க்கக் கொடுத்தால்தான் விஞ்ஞானம். அந்த வகையில் சோன்னராவுக்கு உரிய பெருமை அவருக்குத்தான். என் சந்தேகம் வேறு. அந்த எழுத்தாணி ஏன் சில கைகளுக்கு மட்டும் போய்ச் சேர்கிறது?

பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. விழுப்புரம், திண்டிவனம் பக்கம் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் வேலை பார்க்கும் இருளர்களைப் பார்த்திருப்பீர்கள். மண்ணில் ஒரு தடத்தைப் பார்த்தே என்ன பாம்பு, எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று சொல்லக்கூடியவர்கள் அவர்களில் உண்டு. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, பாம்புத் தோல் வியாபாரத்துக்கு முடிவு வந்தது. அதை நம்பியிருந்த இருளர்களின் பிழைப்பும் போனது. 1978-ல் சென்னைக்குத் தெற்கே இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பமானது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இந்த நாலையும் பிடித்து, சில வாரம் வைத்திருந்து விஷம் எடுத்துவிட்டு, திரும்பக் காட்டில் விட்டுவிடுவார்கள். அந்த விஷம்தான் விஷமுறிவு மருந்துக்கு மூலப்பொருள். நாளைக்கே உங்களையோ என்னையோ பாம்பு கடித்து, ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுப் பிழைத்தோமானால், அதில் ஓர் இருளரின் கை இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, அங்கிருந்த பிராணிகளையெல்லாம் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. 2016-ல் போட்டியே வைத்தார்கள். ஆயிரம் பேருக்கு மேல் ஒரு மாதம் தேடிப் பிடித்தது 106 பாம்பு. அடுத்த வருஷம் இங்கேயிருந்து மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களை வரவழைத்தார்கள். முதல் எட்டு நாளில் இரண்டு பேருமாக 13 பாம்பு! 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. சந்தோஷம்தான். ஆனால், எந்தப் பிரிவில் தெரியுமா? சமூக சேவை. விஞ்ஞானம் என்ற பிரிவும் அதே பட்டியலில் இருக்கத்தான் செய்கிறது.

'விருதில் என்ன சார் இருக்கு? படிச்சு, தகுதியோட வந்தா யாரு வேணாம்னாங்க?' என்று நீங்கள் கேட்கலாம். சரி, படித்து வந்த ஒருவரையே பார்ப்போம். அன்னா மாணி. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். பெங்களூரில் சர் சி.வி.ராமனின் ஆய்வுக்கூடத்தில் வைரங்களையும் மாணிக்கங்களையும் ஆராய்ந்தவர். 1945-ல் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்று டாக்டர் பட்டம் மறுக்கப்பட்டது. ஆராய்ச்சி இருந்தது, காகிதம் இல்லை. அவர் அதற்காக உட்கார்ந்து அழவில்லை. வானிலைக் கருவிகளை இந்தியாவிலேயே செய்ய வைத்து, இந்திய வானிலைத் துறையின் உயர் பதவி வரை போனார். ஆனால், எல்லோரும் அன்னா மாணியாக இருந்தால்தான் பிழைக்கலாம் என்றால், கோளாறு ஆட்களிடம் இல்லை. வாசலில்தான்.

வானூர்ப் பக்கத்து இருளர் வீட்டுப் பிள்ளைக்கு முன்னால் நிற்பதும் ஒரு காகிதம்தான். சாதிச் சான்றிதழ். 'பாம்பு பிடிக்கத் தெரியுமா? எலி பிடிக்கத் தெரியுமா?' என்று கேட்டெல்லாம் அதிகாரிகள் சோதித்த கதைகள் உண்டு. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி போன்றவர்கள் இந்தச் சான்றிதழுக்காகவே வருஷக்கணக்கில் அலைந்திருக்கிறார்கள். அது இல்லையென்றால் உதவித்தொகை இல்லை, இட ஒதுக்கீடு இல்லை, மேல்படிப்பு இல்லை. அப்புறம் ஆராய்ச்சி எங்கேயிருந்து வரும்?

வழி திறந்தால் என்ன நடக்கும் என்பதையும் இதே மாவட்டம் காட்டியிருக்கிறது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலாவில் இறங்கியபோது அதன் திட்ட இயக்குநராக இருந்தவர் வீரமுத்துவேல். விழுப்புரம் ரயில்வே பள்ளியில் படித்து, பாலிடெக்னிக் டிப்ளமோவில் ஆரம்பித்தவர். அப்பா ரயில்வே ஊழியர். டிப்ளமோ படித்தவன் இன்ஜினீயரிங் சேர ஒரு வழி இருந்தது. அவர் அதில் நடந்தார். வழியே இல்லாத பிள்ளையிடம் போய், 'நல்லா படிடா, அப்துல் கலாம் மாதிரி வரணும்' என்று முதுகில் தட்டிக்கொடுப்பதற்குப் பெயர் ஊக்கம் இல்லை.

'உங்க பாரம்பரிய அறிவு அபாரம்' என்று மேடையில் பொன்னாடை போர்த்துவதும் போதாது. அப்படிப் புகழ்ந்துவிட்டு அவர்களை வழிகாட்டியாகவே வைத்துக்கொள்வது நமக்கு ரொம்ப சௌகரியம். அவர்கள் வீட்டுப் பிள்ளை கேள்வியைத் தானே கேட்க வேண்டும், பதிலைத் தானே எழுத வேண்டும், அப்பா சொன்னது தப்பு என்றால் அதையும் தைரியமாக நிரூபிக்க வேண்டும். இது நாம் போடுகிற தர்மம் இல்லை, ரொம்ப நாளாகத் திருப்பித் தராத கடன்.

திருவக்கரையில் அந்தப் பெண் கேட்டாளே, 'ஊர்க்காரங்க யாருமே பாக்கலியா' என்று... அவளுடைய அப்பா சொன்ன பதிலில் தப்பில்லை. இன்னும் ஐம்பது வருஷம் கழித்து இன்னொரு பெண் இதே கேள்வியைக் கேட்கும்போது, இதே பதிலைச் சொல்ல வேண்டி வந்தால், அது நம் தப்பு.