சும்மா கிடக்கும் நிலம்

"வேலைக்குப் போறீங்களா, வீட்டுல சும்மாதான் இருக்கீங்களா?" இந்தக் கேள்வியைக் கேட்காத விருந்தாளியை நான் பார்த்ததில்லை. நிலத்திடமும் இதையேதான் கேட்கிறோம். வரி கட்டாத பொது நிலத்துக்கு வருவாய்த்துறையில் பெயர் புறம்போக்கு. அந்தச் சொல்லை எடுத்து மனிதரைத் திட்டவும் பழகிவிட்டோம்.

கும்மிடிப்பூண்டி வட்டத்துத் தேர்வாய்கண்டிகை, தலித் மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். அதன் மேய்ச்சல் நிலமும் புதர்க்காடும் ஆயிரம் ஏக்கருக்கு மேல் சிப்காட்டுக்குப் போயின. சும்மா கிடந்த நிலமாம். ஆடு மாடு மேய்ந்தது, பெண்கள் விறகு பொறுக்கியது, அங்கே பெய்த மழை வழிந்து ஏரிகளுக்கு வந்தது எதுவும் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. ஊரார் பல ஆண்டுகள் போராடினார்கள். மிச்செலின் டயர் ஆலை குறித்த முறையீடு 2012இல் பிரான்ஸ் வரை போனது. ஆலை வந்துவிட்டது.

அதே பகுதியில், கண்ணன்கோட்டை ஏரியையும் தேர்வாய்கண்டிகை ஏரியையும் இணைத்து, சென்னைக் குடிநீருக்காக 500 மில்லியன் கன அடி கொள்ளும் நீர்த்தேக்கம் 2020 நவம்பரில் திறக்கப்பட்டது. நள்ளிரவில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்திருந்த பெண்களை நினைத்தால் அதை வேண்டாமென்று சொல்ல எனக்கு நாக்கு எழாது. ஆனால் ஏரிக்கு ஒரு பழக்கம் உண்டு, அது வற்றும். வற்ற வற்ற ஓரத்தில் சேறு தெரியும். நத்தைகுத்தி நாரையும் உள்ளானும் இரை தேடுவது அந்தக் கணுக்கால் ஆழத்தில்தான். நீர் ஆழமாகவே நின்றால் முங்கி மீன் பிடிக்கும் நீர்க்காகத்துக்குப் பிரச்சினையில்லை. உள்ளானுக்குக் கால் எட்டாது. நமக்கோ வற்றிய ஏரி என்றாலே சும்மா கிடக்கும் ஏரி.

இந்தப் பறவைகளுக்காகப் பேச வரும் நாமும் பயனைத்தான் சொல்கிறோம். எச்சம் உரமாகும், பூச்சி குறையும், சுற்றுலா வளரும். செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலில் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு நல்லது என்று அறிந்த உழவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்தார்கள். அந்த உறவை வெறும் லாபக்கணக்கு என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் 2020இல் அந்தச் சரணாலயத்தின் எல்லையை 5 கிலோமீட்டரிலிருந்து 3 கிலோமீட்டராகச் சுருக்க ஒரு முன்மொழிவு வந்தது. எதிர்ப்புக்குப் பின் கைவிடப்பட்டது. பயனைச் சொல்லிக் காத்த இடத்தை இன்னும் பெரிய பயனைச் சொல்லி யாரும் கேட்கலாம்.

வீட்டுவேலைக்கு விலை போட்டுக் காட்டும் வாதத்திலும் எனக்கு இதே உறுத்தல். ஜீவனாம்ச வழக்கில் அந்த விலை தேவைதான், போடட்டும். அடுப்பை மூட்டவும் முடியாமல் திண்ணையில் படுத்திருக்கும் கிழவிக்கு என்ன போடுவார்கள்?

வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: "அப்ப மனுவுல காரணம்னு என்னம்மா எழுதறது?"

"அவை முன்னாடியே இங்க இருக்குன்னு எழுது."

"அதெல்லாம் ஒரு காரணமான்னு கேப்பாங்கம்மா."

கேட்பார்கள்தான். எழுதச் சொன்னேன்.