அடுப்படிக் கோபம்: மெய்யா, வேடமா?

'கோபம் இருக்கும் இடத்தில்தான் குணம் இருக்கும்' என்று நம் பக்கத்தில் ஒரு பழமொழி வழங்குகிறது. முன்கோபக்காரர்கள் இந்தப் பழமொழியைக் கேடயமாகவே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். "அவர் சத்தம் போடுவாரே தவிர உள்ளுக்குள் ஒன்றும் இல்லை, மனசு வெள்ளை" என்று வீட்டார் சமாதானம் சொல்வதும், அதைக் கேட்டு அவர் பெருமையோடு தாடியைத் தடவிக்கொள்வதும் நாம் அன்றாடம் காண்பவையே. இப்போது இந்தப் பழமொழிக்குத் தொலைக்காட்சி புது உயிர் கொடுத்திருக்கிறது.

சமையல் போட்டிகள் தொலைக்காட்சியில் பெருகிவிட்ட காலம் இது. மேல்நாட்டுப் போட்டிகள் சிலவற்றில் தலைமைச் சமையல்காரர் ஒருவர் வருகிறார். மீன் வேகவில்லை என்று தட்டைத் தள்ளுகிறார். சமைத்தவரின் முகத்துக்கு நேரே நின்று கத்துகிறார். நாக்கூசும் சொற்களைச் சொல்லி வெளியே போகச் சொல்கிறார். பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் கேட்கிறார்கள்: "அத்தா, இவர் நெசமாவே கோபப்படுகிறாரா, இல்லை நடிக்கிறாரா?"

சிறு பிள்ளையின் கேள்விதான். ஆனால் பதில் தேடப் போனால், அது நம்மை நம் வீட்டு அடுப்படியிலேயே கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது.

மெய்யும் உண்டு, மசாலாவும் உண்டு

இந்தக் கோபக்காரச் சமையல்காரர்களில் உலகப் பேர் பெற்றவர் கார்டன் ராம்சே. 1998-இல் லண்டனில் தம் பெயரிலேயே உணவகம் திறந்தார். அடுத்த ஆண்டு அவரைப் பற்றி 'கொதிநிலை' என்று பொருள்படும் பெயரில் ஒரு தொலைக்காட்சித் தொடர் வந்தது. தம் சமையலறையில் வேலையாட்களை அவர் ஏசியதை உலகம் அதில் பார்த்தது. அந்த ஏச்சுக்குக் கிடைத்த விளம்பரத்தின் தொடர்ச்சியாக 2004-இல் இங்கிலாந்திலும் 2005-இல் அமெரிக்காவிலும் 'ஹெல்ஸ் கிச்சன்' என்ற போட்டி நிகழ்ச்சி பிறந்தது. 'நரகத்துச் சமையலறை' என்பது அதன் பொருள். நரகம் என்ற சொல் காதில் விழுந்தாலே பாதுகாவல் தேடும் சமுதாயம் நாம். அந்தச் சொல்லை வேடிக்கைக்குப் பெயராக வைத்துக்கொண்டார்கள்!

ஆக, அந்தக் கோபத்தின் வேர் மெய்யானதுதான். ராம்சே இளைஞராக இருந்தபோது மார்க்கோ பியர் ஒயிட் என்ற ஆசானிடம் வேலை பார்த்தார். அந்த ஆசானும் கடுங்கோபத்துக்குப் பேர் போனவர். அவருடைய சமையலறையில் ராம்சே அழுதது அந்தத் தொழில் உலகம் அறிந்த கதை. அழுத பையன் பிறகு பிறரை அழவைக்கும் எஜமானன் ஆனான்.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2013-இல் அமெரிக்காவில் சிறுவர் சிறுமியருக்கான சமையல் போட்டி ஒன்று தொடங்கியது. அதற்கும் ராம்சேதான் நடுவர். அங்கே பிள்ளை தவறு செய்தால் அருகே போய்க் குனிந்து, தோளில் தட்டிக் கொடுத்து, கண்ணீரைத் துடைக்கச் சொல்லித் தேற்றுகிறார். அதே மனிதர், அதே அடுப்பு, அதே வேகாத மாவு. கோபம் மட்டும் வரவில்லை. இன்னும் கேளுங்கள். ரொட்டித் துண்டுகளை ஒரு பெண்ணின் முகத்தின் இருபுறமும் பிடித்துக்கொண்டு அவளை முட்டாள் என்று அவர் ஏசும் காட்சிதான் உலகமெங்கும் கைபேசிகளில் அதிகம் சுற்றியது. அது போட்டியில் நடந்ததே அல்ல. 2015-இல் வேறொரு நிகழ்ச்சிக்காக எழுதி நடித்த கேலி நாடகம்!

போதாக்குறைக்கு, மணிக்கணக்காகப் படம் எடுத்ததை வெட்டி ஒட்டி ஒரு மணி நேரத்துக்குள் அடக்கும்போது, அமைதியாகப் பேசிய நேரம் கத்தரிக்கு இரையாகிறது. கத்திய நேரம் மட்டும் தங்குகிறது. ஆகவே பிள்ளைக்குச் சொல்லவேண்டிய பதில் இதுதான்: "கொஞ்சம் மெய், மேலே நிறைய மசாலா."

கோபம் இல்லாமல் சமையல் நிகழ்ச்சி எடுபடாது என்பார்கள் சிலர். அதற்கு மறுப்பு நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 2019 நவம்பரில் விஜய் தொலைக்காட்சியில் தொடங்கிய 'குக் வித் கோமாளி' நிகழ்ச்சி சிரிப்பை வைத்தே பேர் வாங்கியது. தொடக்கத்தில் நடுவர்களாக அமர்ந்த தாமுவும் வெங்கடேஷ் பட்டும் நட்சத்திர ஓட்டல்களில் பழகிய சமையல்காரர்கள். அவர்கள் போட்டியாளரை அழவைத்துப் பேர் வாங்கவில்லை. கேளிக்கை நமக்கு எவ்வளவு தேவை என்பது தனிப் பேச்சு. கத்தினால்தான் சமையல் வரும் என்ற வாதம் மட்டும் பொய்யாகிவிட்டது.

மெய்யாக இருந்தால் மட்டும் போதுமா?

இனி நம் கேள்விக்கு வருவோம். கோபம் வேடமாக இருந்தால் அது பொய். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மெய்யாக இருந்தால்? 'அவர் நடிக்கவில்லை, உள்ளதை உள்ளபடி காட்டுகிறார்' என்பதே ஒரு சிறப்பாகிவிடுமா?

கோபம் வந்தால் கத்துவதற்கு வலிமை தேவையில்லை. மல்லுக்கட்டில் பிறரை வீழ்த்துபவன் வீரன் அல்லன், கோபம் வரும்போது தன்னை அடக்கிக்கொள்பவனே வீரன் என்று நாயகம் (ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம்) அவர்கள் கற்பித்தது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. கோபம் வராதவனை வீரன் என்று அவர்கள் சொல்லவில்லை. மெய்யான கோபம் வந்து, அதை ஆள்பவனைத்தான் சொன்னார்கள்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் கோபத்தைப் பற்றித் தனிப் பாகமே எழுதியிருக்கிறார்கள். மக்கள் கோபத்துக்கு வீரம், ஆண்மை, தன்மானம் என்றெல்லாம் நல்ல பெயர்களைச் சூட்டிக்கொள்வதையும், பெரிய மனிதர்களின் கோபக் கதைகளைப் புகழ்ந்து கேட்டுத் தாமும் அப்படி ஆக ஆசைப்படுவதையும் கோபத்தின் காரணங்களில் ஒன்றாக அவர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதியது இன்றைய தொலைக்காட்சியைப் பார்த்து எழுதியதுபோல் இல்லையா? பெரிய சமையல்காரன் கத்துகிறான், கத்துவதால்தான் பெரியவன் ஆனான் என்று நம் இளைஞன் பாடம் படித்துக்கொள்கிறான்.

பார்க்கும் நமக்கும் இதில் பங்குண்டு. ஒருவரை ஒருவர் பரிகசிக்க வேண்டாம், பட்டப்பெயரிட்டு இழிவுபடுத்த வேண்டாம் என்று திருமறையின் 49-ஆம் அத்தியாயம் தடுக்கிறது. ஓர் ஆதமுடைய மகன் அவமானப்படுவதைப் பார்த்துச் சோபாவில் அமர்ந்து சிரிப்பது எந்தக் கணக்கில் சேரும் என்பதை நாமே யோசிக்க வேண்டும்.

கோபத்தின் உரைகல்

மெய்யான கோபம் எது என்று அறிய ஓர் உரைகல் இருக்கிறது. கோபம் யார் மேல் வருகிறது, யார் முன்னால் நின்றுவிடுகிறது என்று பாருங்கள்.

புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் ஒரு வலீமா விருந்து. பிரியாணி தேக்சாக்கள் வரிசையாக அடுப்பில் ஏறியிருந்தன. பையன் ஒருவன் கொதிக்கும் எண்ணெய்ப் பக்கம் கை நீட்டியபோது பண்டாரி "கையை எடுடா!" என்று போட்ட சத்தம் தெருமுனைவரை கேட்டது. சற்று நேரத்தில் அதே பையனின் கவனக்குறைவால் ஒரு தேக்சாவில் அரிசி குழைந்துபோயிற்று. பண்டாரி மூடியைத் திறந்து பார்த்தார். "சரி தம்பி, அடுத்ததைப் பார்" என்றார், அவ்வளவுதான். பந்தி முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது அவனைக் கூப்பிட்டுத் தம் சஹனிலேயே உட்கார வைத்துக்கொண்டார்.

அதே விருந்தில் விருந்து வீட்டு உறவினர் ஒருவர், பந்தி தாமதம் என்று பண்டாரியைப் பலர் முன்னிலையில் வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்தார். "எனக்குக் கோபம் வந்தால் நான் மனுஷனே இல்லை" என்று வேறு சொன்னார். அந்த நேரம் வாசலில் ஒரு பெரிய புள்ளியின் கார் வந்து நின்றது. கோபம் போன இடம் தெரியவில்லை. முகமெல்லாம் புன்னகையாகி, "வாங்க, வாங்க" என்று ஓடினார்.

கட்டுப்படுத்தவே முடியாத கோபம் என்றால், பெரிய மனிதரைக் கண்டதும் அது எப்படிக் கட்டுப்பட்டது? அமெரிக்கச் சிறுவர்களின் முன்னால் ராம்சேயின் கோபம் நின்றதும், மேலதிகாரியின் முன்னால் நம் கோபம் நிற்பதும் ஒரே பாடத்தையே சொல்கின்றன. பிடிக்கக் கயிறு கையில் இருக்கிறது. யாரிடம் அவிழ்த்துவிடுவது என்று ஆள் பார்த்துத்தான் அவிழ்க்கிறோம். ஆகவே 'என் சுபாவம் அப்படி' என்ற சாக்குத்தான் இந்த விஷயத்தில் பெரிய வேடம்.

அப்படியானால் கண்டிப்பே கூடாதா? அடுப்படியில் நெருப்பும் கத்தியும் இருக்கின்றன. பலர் வயிற்றுக்குப் போகும் உணவும் இருக்கிறது. அங்கே உரத்த குரல் வேண்டும்தான். பண்டாரியின் சத்தம் பையனின் கையைக் காப்பாற்றியது. உறவினரின் சத்தம் யாரைக் காப்பாற்றியது?

நாயகம் (ஸல்) அவர்களுக்கும் கோபம் வந்ததுண்டு. ஆனால் தமக்காக அவர்கள் யாரையும் பழிவாங்கியதில்லை, அல்லாஹ்வின் வரம்புகள் மீறப்பட்டால்தான் நடவடிக்கை எடுப்பார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். இமாம் ஒருவர் தொழுகையை மிக நீட்டுவதால் ஜமாஅத்துக்கு வரமுடியவில்லை என்று ஒருவர் முறையிட்டபோது, நாயகம் (ஸல்) அவர்களுக்கு வந்த கடுமையான கோபத்தை அபூமஸ்ஊத் (ரலி) அறிவிக்கிறார்கள். முதியோரையும் நோயாளிகளையும் வேலை உள்ளவர்களையும் எண்ணி வந்த கோபம் அது. அப்போதும் அந்த இமாமின் பெயரைச் சொல்லி அவமானப்படுத்தவில்லை. உங்களில் சிலர் மக்களை விரட்டிவிடுகிறார்கள் என்ற கருத்தில் பொதுவாகவே பேசினார்கள். பலவீனருக்காக வருவதும், தவறைச் சுட்டி ஆளை மறைப்பதும் மெய்யான கோபத்தின் அடையாளங்கள். தொலைக்காட்சிக் கோபமோ ஆளைக் காட்டுவதற்காகவே வருகிறது.

உப்பும் ஏச்சும்

சமையல் விஷயத்திலேயே அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வழியைப் பாருங்கள். அவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறை சொன்னதில்லை. பிடித்தால் உண்டார்கள், இல்லையேல் விட்டுவிட்டார்கள் என்பது அபூஹுரைரா (ரலி) அவர்களின் அறிவிப்பு. பணியாள் உணவு கொண்டுவந்தால் அவரையும் உடன் உட்கார வையுங்கள், இயலாவிட்டால் ஒன்றிரண்டு கவளமாவது கொடுங்கள் என்றும் ஏவினார்கள். அவர்தானே அதன் சூட்டையும் புகையையும் தாங்கினார் என்று காரணமும் சொன்னார்கள். அடுப்பின் சூட்டைத் தாங்கியவருக்கு நாவின் சூட்டையும் கொடுப்பது எப்படி நியாயமாகும்? பத்து ஆண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்கள், தம்மை ஒரு தடவைகூட 'சீ' என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதில்லை என்கிறார்கள்.

ஹனஃபி ஃபிக்ஹு நூல்களில் நோன்பின் பாடத்தில் ஒரு சட்டம் வருகிறது. நோன்பாளி தேவையின்றி உணவை நாவில் வைத்துச் சுவை பார்ப்பது மக்ரூஹ். ஆனால் கணவன் கெட்ட குணமுடையவனாக இருந்தால், மனைவி நாவின் நுனியில் வைத்து உப்புப் பார்த்துத் துப்பிவிடலாம், விழுங்கிவிடக் கூடாது. அப்போது அது மக்ரூஹ் ஆகாது. ஏச்சுக்கு அஞ்சி நிற்கும் பெண்ணுக்கு ஷரீஅத் காட்டிய இரக்கம் இது. ஆனால் சட்டம் சலுகையை அவளுக்குத் தந்தது, 'கெட்ட குணமுடையவன்' என்ற பெயரை அவனுக்குத் தந்தது. மனசு வெள்ளை என்றோ, கோபம் உள்ள இடத்தில் குணம் உண்டு என்றோ ஃபுகஹாக்கள் எழுதவில்லை. ரமளானில் இஃப்தார் நேரத்தில் கஞ்சியில் உப்பில்லை என்று சட்டியை நகர்த்தும் சகோதரர் எவரும் இந்தச் சட்டத்தை ஒரு தடவை நினைத்துப் பார்க்கட்டும். தம் வீட்டு அம்மாளுக்கு அந்தச் சலுகை தேவைப்படுகிறதா என்று தம்மையே கேட்கட்டும்.

அணைக்கும் வழி

கோபம் பரம்பரையாக வருவது. ஆனால் பரம்பரையை அறுக்கவும் முடியும். 1846-இல் பிரான்சில் பிறந்த எஸ்காஃபியே, 13 வயதில் தம் உறவினர் ஒருவரின் உணவகத்தில் வேலைக்குச் சேர்ந்து அடியும் ஏச்சும் பட்டவர். பின்னாளில் லண்டன் சவாய் ஓட்டலின் சமையலறையை ஆண்டபோது அங்கே கூச்சலையும் மதுவையும் தடுத்தார். கோபம் வருவது தெரிந்தால் தாமே வெளியே போய்விடுவார் என்று அவரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அவர் முஸ்லிம் அல்லர். ஆயினும், கோபம் வந்தால் நிற்பவர் உட்காரட்டும், அடங்காவிட்டால் படுத்துக்கொள்ளட்டும் என்று அபூதாவூதில் வரும் நபிமொழியின் பயனை அவர் அனுபவத்தில் கண்டிருக்கிறார். மௌனமாக இருப்பதும் ஒளூச் செய்வதும் நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கும் மற்ற மருந்துகள்.

கோபத்தை மென்று விழுங்குவோரைத் திருமறையின் ஆலு இம்ரான் அத்தியாயம் புகழ்கிறது. அங்கே வரும் 'கழ்ம்' என்ற சொல்லுக்கு, நிரம்பிய தோல் துருத்தியின் வாயைக் கட்டுவது என்பது மூலப் பொருள். விருந்தினர் இருக்கையில் சூடான குழம்பை இடறிக் கொட்டிவிட்ட அடிமைப் பெண் அந்த வசனத்தை ஓதினாள் என்றும், மைமூன் இப்னு மிஹ்ரான் (ரஹ்) அவர்கள் கோபத்தை அடக்கி, மன்னித்து, அவளை விடுதலையும் செய்தார்கள் என்றும் தஃப்ஸீர்களில் வருகிறது. குழம்பு கொட்டியது ஒரு விநாடி. அந்த ஒரு விநாடியில் கட்டிய வாய், ஒரு மனித உயிரின் விலங்கை அறுத்தது.

பிள்ளைகள் தொலைக்காட்சியைப் பார்த்துக் கேட்கும் கேள்வியை ஒரு நாள் நம்மைப் பார்த்தும் கேட்பார்கள். அன்று வாய் அடைத்துப்போகாமல் இருக்க, இன்று இரவுச் சாப்பாட்டிலேயே தொடங்குவோம். உப்புக் குறைந்திருந்தால் உப்பைக் கேட்போம், ஏச்சை விடுவோம்.

அல்லாஹு தஆலா நம் நாவுகளையும் நம் வீட்டு அடுப்படிகளையும் கோபத்தின் நெருப்பிலிருந்து காப்பானாக! பொறுமையும் நற்குணமும் உடையவர்களாக நம் அனைவரையும் வாழச் செய்வானாக! ஆமீன்.