உலகம் சுத்திப் போயும் பழம் கிடைக்கலையா?

முருகா சரணம்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!

இந்த வாரம் நம்ம எல்லாருக்கும் சின்ன வயசுலேயே தெரிஞ்ச ஒரு கதையைத்தான் எடுத்துக்கப் போறோம். பழனி ஞானப்பழக் கதை. ஆனா அதோட எங்க வீட்டு டூர் கதை ஒன்னையும் சேர்த்துச் சொல்றேன். கொஞ்சம் வெட்கமான கதைதான். ஆனா உங்கள்ல பாதிப் பேருக்கு இதே மாதிரி ஒன்னு நடந்திருக்கும், இல்லன்னா அடுத்த லீவுல நடக்கும். அதனால சொல்லிடறேன்.

எங்க அப்பா வருஷம் தவறாம தைப்பூசத்துக்கு மதுரையிலேர்ந்து பழனிக்கு நடந்தே போவார். அவர் காலமான பிறகு அம்மா வீட்டு வாசலைத் தாண்டவே இல்ல. பூஜை ரூம், அடுப்படி, திண்ணை, அவ்வளவுதான். மனசு மாறட்டும்னு நான் ஒரு முடிவு எடுத்தேன். நான், என் மனைவி, ஒன்பது வயசுப் பொண்ணு, அம்மா, நாலு பேரும் மொரீஷியஸ் போறோம். அஞ்சு ராத்திரி, கடற்கரை ரிசார்ட். சேமிப்பு கொஞ்சம், கடன் கொஞ்சம். தை மாசம் அங்க மழைக்காலம், அதனால ரூம் விலை கம்மி. தைப்பூசத்தை ஒட்டி லீவும் கிடைச்சுது. உடனே புக் பண்ணிட்டேன்.

அம்மா ஒன்னே ஒன்னுதான் கேட்டாங்க. "ஏன்யா, பூசத்தன்னிக்குக் கோயில் இல்லாத ஊர்லயா இருக்கணும்?"

நான் சிரிச்சுக்கிட்டே சொன்னேன். "ஒரு வருஷம் போகலைன்னா முருகன் ஒன்னும் கோவிச்சுக்க மாட்டாரும்மா." அம்மா பதில் பேசல. அதை நான் சம்மதம்னு எடுத்துக்கிட்டேன்.

போய் இறங்கினோம். நம்ம ஊரை விட அங்க ஒன்றரை மணி நேரம் பின்னாடி. ரிசார்ட் மேற்குக் கடற்கரையில. படத்துல பார்த்த மாதிரியே நீலக் கடல், வெள்ளை மணல். ஆனா "கடல் தெரியும் அறை"ன்னு பணம் கட்டின எங்களுக்குக் கிடைச்சது கார் நிறுத்துற இடத்தைப் பார்த்த அறை. கேட்டா "நாளைக்குப் பார்க்கலாம்"ன்னாங்க. அந்த நாளை கடைசி வரைக்கும் வரவே இல்ல. சாப்பாட்டு ஹால்ல எழுபது எண்பது வகை பரப்பி வச்சிருந்தாங்க. பூசத்துக்கு விரதம் இருக்கற அம்மாவுக்கு அதுல தேறினது ரொட்டி, வேகவச்ச காய், அன்னாசித் துண்டு. ரெண்டாம் நாள் விடியும்போதே மழை. கடல்ல சிவப்புக் கொடி ஏத்திட்டாங்க, யாரும் இறங்கக் கூடாது. டால்பின் பார்க்கப் போற படகுக்கு முன்னாடியே பணம் கட்டியிருந்தோம். அதையும் தள்ளி வச்சுட்டாங்க. எந்த நாளுக்கு? சரியா தைப்பூசத்தன்னிக்குக் காலையில.

நல்லதே நடக்கலைன்னு சொல்ல மாட்டேன். மழை விட்ட ஒரு சாயங்காலம், அடியில கண்ணாடி வச்ச படகுல போனோம். காலுக்குக் கீழே பவளப்பாறை, மஞ்சளும் கறுப்புமா வரி போட்ட மீன்கள். என் பொண்ணு மூச்சு விடாம பார்த்துக்கிட்டிருந்தா. அம்மாவும் குனிஞ்சு பார்த்தாங்க. அந்த அரை மணி நேரம் நான் நினைச்ச டூர் அதுதான். ஆனா அன்னிக்கு ராத்திரியே கூடுதல் பில் ஒன்னு வந்துச்சு. எனக்கும் மனைவிக்கும் வாக்குவாதம். கோவத்துல கத்திட்டேன்: "உங்களுக்காகத்தான் இவ்வளவு செலவு பண்ணேன், ஒருத்தர் முகத்துலயாவது சந்தோஷம் இருக்கா? அம்மாவைப் பாரு, வந்ததுலேர்ந்து எழவு வீட்டுல உட்கார்ந்த மாதிரி."

பக்கத்துக் கட்டில்ல அம்மா தூங்கலை. சொல்லி முடிச்ச பிறகுதான் எனக்கே அது தெரிஞ்சுது.

இங்க நிறுத்திட்டு, கயிலாயத்துக்குப் போவோம்.

நாரதர் ஒரு பழம் கொண்டு வர்றார். ஒரே பழம், பிள்ளைங்க ரெண்டு பேர். உலகத்தை முதல்ல சுத்தி வர்றவங்களுக்குப் பழம்னு போட்டி. சின்னப்பிள்ளை முருகன் மயில் மேல ஏறிக் கிளம்பிட்டார். மலை, கடல், காடு எல்லாம் தாண்டி நிஜமாவே சுத்தி வந்தார். திரும்பி வந்து பார்த்தா, அம்மா அப்பாவைச் சுத்தி வந்த அண்ணன் கையில பழம். நம்ம வீடுகள்ல இந்தக் கதையைச் சொல்லும்போது, "பாரு, பிள்ளையார்தான் புத்திசாலி"ன்னு அங்கேயே முடிச்சுடுவாங்க.

ஆனா முருகன் பக்கத்துலேர்ந்து யோசிச்சுப் பாருங்க. அவர் என்ன தப்பு பண்ணார்? சொன்னதைச் செஞ்சார். வியர்வை சிந்தினார். கடைசியில "நான் இவ்வளவு பண்ணேனே, எனக்கு ஒன்னும் இல்லையா?"ங்கற கோவம். அந்தக் கோவம் நமக்குத் தெரியாததா? கடன் வாங்கி டூர் போயிட்டு, கடல் தெரியாத ரூம்ல உட்கார்ந்துக்கிட்டு நான் கத்தினதும் அதே கோவம்தான். உலகத்தைச் சுத்தி வந்தேன், பழம் எங்கேன்னு கேட்கற கோவம்.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். முருகன் எல்லாத்தையும் துறந்து ஆண்டியா தெற்கே மலையில வந்து நின்னார். அம்மையும் அப்பனும் "கோவம் ஆறினா தானா வருவான்"னு விட்டுடல. தேடி வந்தாங்க. "உனக்குப் பழம் எதுக்குப்பா, பழமே நீதானே"ன்னு சமாதானம் சொன்னாங்க. பழம் நீ, அதுதான் பழனின்னு ஆச்சுன்னு பெரியவங்க சொல்வாங்க. போட்டியில தோத்த பிள்ளைக்குத்தான் இன்னிக்கும் கோடி ஜனம் மலை ஏறிப் போகுது. ஜெயிச்சவன் ஒருத்தன், தோத்தவன் ஒருத்தன்னு அந்தக் குடும்பம் பிள்ளைங்களைப் பிரிக்கவே இல்ல.

சரி, திரும்ப எங்க கதைக்கு வரேன்.

மறுநாள் விடிகாலை அம்மா அறையில இல்ல. பதறிப் போய்த் தேடினா, வராந்தா படியில உட்கார்ந்திருக்காங்க. பக்கத்துல அறை சுத்தம் செய்யற ஒரு அம்மா. அவங்களுக்குத் தமிழ் தெரியாது, கிரியோல்தான் பேச்சு. அம்மாவுக்குத் தமிழைத் தவிர வேற தெரியாது. ஆனா ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. அம்மா நெத்தியில விபூதியைப் பார்த்துட்டு அந்த அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருக்காங்க: "காவடி." அவ்வளவு போதுமா இருந்திருக்கு.

எனக்கு அரைகுறை ஆங்கிலத்துல விளக்கினாங்க. அவங்க பத்து நாள் விரதத்துல இருக்காங்களாம். தம்பி காவடி எடுக்கறாராம். தைப்பூசம் அந்த நாட்டுல அரசு விடுமுறை. கோயில் இல்லாத ஊருக்குத்தான் அம்மாவைக் கூட்டிட்டு வந்திருக்கோம்னு நான் நினைச்சுக்கிட்டிருந்தேன். புக் பண்றதுக்கு முன்னாடி நீச்சல் குளம் எத்தனைன்னு பார்த்தேன். அங்க முருகன் இருக்காரான்னு பார்க்கத் தோணலை. கையில இருந்த மொரீஷியஸ் ரூபாய் நோட்டை அப்பதான் சரியாப் பார்த்தேன். அதுல தமிழ் எழுத்து இருந்துச்சு!

அன்னிக்கு ராத்திரி சமையல்காரர்கிட்ட அந்த அம்மாவே சொல்லி, எங்க மேசைக்கு வெறும் பருப்பும் சோறும் வந்துச்சு. அஞ்சு நாள்ல அம்மா வயிறாரச் சாப்பிட்டது அன்னிக்குத்தான்.

இப்ப ஒரு சிக்கல். பூசத்தன்னிக்குக் காலையிலதான் டால்பின் படகு. விட்டா பணம் திரும்பாது, பொண்ணும் அழுவா. மறுபடி சண்டை வரும்னு நினைச்சேன். என் மனைவிதான் அமைதியா சொன்னா: "நீங்க அத்தையைக் கூட்டிட்டுக் கோயிலுக்குப் போங்க. நான் பாப்பாவைக் கூட்டிட்டுப் படகுல போறேன். எல்லாரும் ஒன்னாவே சுத்தணும்னு என்ன இருக்கு?"

எனக்கு முதல்ல மனசு ஒப்பலை. குடும்ப டூர்னு வந்துட்டு ஆளுக்கொரு பக்கமான்னு தோணுச்சு. அப்புறம் யோசிச்சேன். குடும்பம் சந்தோஷமா இருக்கணும்னு நான் ஆசைப்பட்டது நிஜம்தான். ஆனா நான் போட்ட திட்டப்படி, நான் சொன்ன நேரத்துக்கு, நான் காட்டின இடத்துல எல்லாரும் சந்தோஷமா இருக்கணும்னு எதிர்பார்த்தேன். அது அன்பு மட்டும் இல்ல. அதுல கொஞ்சம் அதிகாரமும் இருந்துச்சு.

காத்ர் போர்ன் ஊர்ப்பக்கம் கோர் த கார்துன்னு ஒரு மலை. அதோட சரிவுல நம்ம கோயில். ரோஜா நிறத்துல உடுத்தின கூட்டம், பூ வச்சுக் கட்டின காவடி, நாக்குல வேல், தலையில பால்குடம், "அரோகரா" சத்தம். வெயில்ல அவ்வளவு தூரம் சுமந்தும் பால் திரியக் கூடாதுங்கறது அவங்க நம்பிக்கை. நிறைய பேருக்குத் தமிழ் பேச வராது. ஆனா "வேல் வேல்"னு சொல்லும்போது ஒருத்தர் குரல்லயும் தடுமாற்றம் இல்ல.

அவங்க முன்னோர் எப்படி அங்க போனாங்க தெரியுமா? 1700-களிலேயே, பிரெஞ்சுக்காரங்க காலத்துல, புதுச்சேரிப் பக்கத்துலேர்ந்து கைத்தொழில் தெரிஞ்சவங்களைக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. அப்புறம் 1834-லேர்ந்து ஒப்பந்தக் கூலிகளா, கரும்புத் தோட்டத்துக்கு, இந்தியாவோட பல பக்கத்துலேர்ந்தும் கப்பல் கப்பலா போனாங்க. போர்ட் லூயி துறைமுகத்துல அவங்க ஏறி வந்த கல் படிகள் இன்னும் இருக்கு. ஆப்ரவாசி காட்னு பேர். 2006-ல யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சுது. கடல் தெரியற அறை கேட்டுப் போனவங்க இல்ல அவங்க. அந்தக் கடலைத் தாண்டித் திரும்பி வர முடியுமான்னே தெரியாமப் போனவங்க. தலைமுறை தலைமுறையாப் பேச்சு மொழி நழுவிடுச்சு. காவடியை மட்டும் நழுவ விடல. விமானத்துல சில மணி நேரத்துல போய் இறங்கின நான், முருகனை வீட்டுலயே விட்டுட்டுப் போனேன்.

அம்மா படி ஏற முடியாம பாதியில உட்கார்ந்துட்டாங்க. நானும் பக்கத்துல உட்கார்ந்தேன். "அம்மா, அன்னிக்கு ராத்திரி..."ன்னு ஆரம்பிச்சேன். வார்த்தை வரலை.

அம்மா சேலைத் தலைப்பால முகத்தைத் துடைச்சுக்கிட்டே சொன்னாங்க. "உங்கப்பா மட்டும் என்னவாம்? வருஷா வருஷம் பழனிக்கு நடந்து போவாரே, நாலு நாளும் கூட வர்றவங்களோட சண்டைதான். காலு கொப்புளம்பார், சோறு சரியில்லைம்பார், இனிமே வர மாட்டேம்பார். அடுத்த தை வந்தா மொத ஆளாக் கிளம்பிடுவார். விடுய்யா."

அப்பா போனதுக்கப்புறம் அம்மா சிரிச்சு நான் பார்த்தது அங்கதான்.

கோயில்ல வாழை இலையில ஏழு வகைக் காய் வச்சுச் சோறு போட்டாங்க. சாயங்காலம் திரும்பினப்போ பொண்ணு ஓடி வந்தா. டால்பின் பார்த்தாளாம், ரெண்டு தடவை குதிச்சுதாம். அம்மா அவ நெத்தியில விபூதி பூசி விட்டாங்க. "நீ கடலைச் சுத்துனே, நான் மலையைச் சுத்துனேன். சரியாப் போச்சு"ன்னாங்க. பாதி மலைதான் ஏறினோம்னு நான் காட்டிக் கொடுக்கலை.

எல்லாம் சுபம்னு முடிக்க மாட்டேன். அறைக்குக் கூடுதலாக் கட்டின பணம் திரும்பி வரலை. கடனுக்கு இன்னும் மாசத் தவணை போகுது. "அந்த ரிசார்ட்டுக்கு மட்டும் இனிமே வேண்டாம்"ங்கறா மனைவி, அது நியாயம்தான். குறை இருந்தா கேளுங்க, சம்பந்தப்பட்டவங்ககிட்ட கேளுங்க. முருகன் பக்தன்னா ஏமாத்தறதைப் பொறுத்துக்கணும்னு யாரும் சொல்லலை. ஆனா அங்க காட்ட வேண்டிய கோவத்தைக் கொண்டு வந்து பக்கத்துக் கட்டில்ல படுத்திருக்கற அம்மா மேல கொட்டாதீங்க. நான் செஞ்ச தப்பு அதுதான்.

இந்த வாரம் மூணே விஷயம் செய்வோம், உறவுகளே.

ஒன்னு: அடுத்து எங்க போறதா இருந்தாலும், டிக்கெட் போடறதுக்கு முன்னாடி வீட்டுல இருக்கற ஒவ்வொருத்தர்கிட்டயும் "உனக்கு அங்க என்ன வேணும்?"னு கேளுங்க. பெரியவங்க பேசாம இருந்தா அது சம்மதம்னு எடுத்துக்காதீங்க. இன்னொரு தடவை கேளுங்க.

ரெண்டு: பெட்டியில ஒரு சின்ன வேலும் ஒரு பொட்டலம் விபூதியும் வைங்க. கோயில் இல்லாத தீவா இருந்தாலும், விடியற நேரத்துல ரெண்டு நிமிஷம் அவனை நினைக்கறதுக்கு யார் அனுமதியும் வேண்டாம்.

மூணு: "நான் இவ்வளவு பண்ணேனே"ங்கற கோவம் வரும்போது பழனி ஆண்டியை நினைச்சுக்கோங்க. அந்தக் கோவம் அவருக்கே வந்ததுதான். நம்மளைத் தேடி வந்து பக்கத்துல உட்கார்றவங்க யாருன்னு அப்பத் திரும்பிப் பாருங்க.

அடுத்த தைப்பூசத்துக்கு அம்மா பழனிக்கு வர்றேன்னு சொல்லியிருக்காங்க. நடந்து இல்ல, பஸ்லதான். நடக்கறது நான். அப்பாவோட பழைய செட்டுல பேர் கொடுத்துட்டேன். கால் கொப்புளிச்சா, சோறு சரியில்லைன்னா நானும் கண்டிப்பா சண்டை போடுவேன். முருகன் பார்த்துக்குவான்.

படிச்சு முடிச்சதும் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ ஒரு போன் போடுங்க. அப்புறமா இதை உங்க குரூப்ல பகிருங்க.

வேலும் மயிலும் துணை.

ஓம் சரவணபவ.