படுக்கைக்குச் செடி பொறுக்குவது சிந்தனையா?

பகுத்தறிவு மனிதருக்கே உரியது, விலங்கு வெறும் இயந்திரம் என்று 17ஆம் நூற்றாண்டில் ரெனே தெகார்த் வாதிட்டார். உகாண்டாவின் புவிண்டி காட்டில் மலைக் கொரில்லா அந்தி சாயும்போது கட்டும் படுக்கையைப் பார்த்தால், அவர் போட்ட கோடு அவ்வளவு நேராகத் தெரியவில்லை. உட்கார்ந்தபடியே கொடிகளையும் செடிகளையும் இழுத்து, மடக்கி, உடம்புக்கு அடியில் திணித்து, விளிம்பைச் சுற்றி அமுக்கிவிடுகிறது. சில நிமிட வேலை. ஆனால் கைக்கு எட்டியதையெல்லாம் எடுப்பதில்லை. காட்டில் எது அதிகம் மண்டிக் கிடக்கிறதோ அதுவே படுக்கையிலும் அதிகம் என்ற கணக்கு அங்கே பொருந்துவதில்லை. அதே நாட்டின் செம்லிக்கியில் வாழும் சிம்பன்சிகளிடம் இது இன்னும் துலக்கம். 2014இல் வெளியான ஆய்வின்படி, மரங்களில் 10 சதவீதத்துக்கும் குறைவான ஒரு வகையில்தான் 70 சதவீதத்துக்கும் மேற்பட்ட கூடுகள் இருந்தன; சோதித்த மரங்களுள் மிக விறைப்பான கிளை அதனுடையது.

இதெல்லாம் இயல்பூக்கம் என்பார்கள். அப்படியானால் கற்க வேண்டியதே இல்லை. கூண்டில் பிறந்த சிம்பன்சிகளோ, காட்டில் பிறந்தவை கட்டிய அளவுக்குக் கட்டத் தெரியாமல் நின்றன. அடுத்த ஆட்சேபம் கனமானது: காரணம் சொல்லத் தெரியாததை எப்படித் தேர்வு என்பது? மெத்தைக் கடையில் அமுக்கிப் பார்த்து வாங்கும் நாமும் விரலின் தீர்ப்பைத்தான் நம்புகிறோம். காரணம் பிறகுதான் முளைக்கிறது. நமக்குத் தேர்வு என்று ஒப்புவதைக் கொரில்லாவுக்கு மறுக்க வேறு அளவுகோல் வேண்டும். செய்ததற்குப் பொறுப்பேற்கும் அறவுணர்வு அதற்கு உண்டு என்று இது காட்டவில்லைதான். அந்த இடத்தில் தெகார்த்தின் கட்சிக்கு இன்னும் வலு உண்டு.