இரண்டு தெனாரியம்

தரமணியில் ஒரு ஞாயிறு மாலைத் திருப்பலி. விசுவாசிகள் மன்றாட்டில், 2023 ஏப்ரல் 15இல் சூடான் நாட்டில் மூண்ட உள்நாட்டுப் போர் முடிவுக்கு வரவும், அதற்காக உலகின் வல்லரசுகள் தங்கள் பகைமையை மறந்து ஒன்றுபட்டு உழைக்கவும் வேண்டிக்கொண்டோம். மன்றாட்டை எழுதியவன் நானே. எவரும் குறை காண முடியாத மன்றாட்டு என்றே நினைத்திருந்தேன்.

திருப்பலி முடிந்ததும் எழுபது வயதைக் கடந்த ஒரு தாய் என்னிடம் வந்தார். மன்னாரிலிருந்து 1990இல் படகேறி வந்தவர். இப்போது மகன் குடும்பத்தோடு தரமணியில் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறார். அவருடைய தங்கையின் குடும்பம் 2009இல் வன்னியில் காணாமற்போனது. "பாதர், பெரிய நாடுகள் ஒற்றுமைப்பட வேணும் எண்டு மன்றாடினீங்கள். எங்கட கதையில அவை ஒற்றுமைப்பட்ட பிறகுதானே நாங்கள் அழிஞ்சு போனம்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள விரும்புகிறவர்போலக் கேட்டார். என் பதிலுக்கு அவர் காத்திருக்கவுமில்லை. பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஷேர் ஆட்டோவை நோக்கி நடந்துவிட்டார்.

குருமடத்தில் அமைதியைப் பற்றி நிறையப் படித்தோம். ஒழுங்கிலிருந்து பிறக்கும் சாந்தமே அமைதி என்று புனித அகுஸ்தீனார் விளக்கியதையும், உண்மை, நீதி, அன்பு, சுதந்திரம் என்னும் நான்கின்மீதே அமைதி நிற்க வேண்டும் என்று திருத்தந்தை 23ஆம் யோவான் 1963இல் தம் சுற்றுமடலில் கற்பித்ததையும் தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம். ஆனால் பகைவர் இருவர் கைகுலுக்கினால் அது நன்மையா என்ற கேள்வியை எந்தப் பேராசிரியரும் எங்களிடம் கேட்டதில்லை. நன்மைதானே, அதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று விட்டிருப்பார்கள்.

லூக்கா விட்டுவிடவில்லை. நம் ஆண்டவரின் பாடுகளை எழுதிய நால்வரில் அவர் ஒருவரே ஒரு சிறு செய்தியைக் குறித்து வைத்திருக்கிறார். அதுவரை ஒருவரையொருவர் பகைத்திருந்த ஏரோதும் பிலாத்துவும் அன்றுதான் நண்பரானார்கள். இரண்டு அதிகாரங்கள் ஒப்புரவாயின. நடுவே குற்றமற்ற ஒருவர் நின்றுகொண்டிருந்தார். ஆண்டுதோறும் குருத்து ஞாயிறன்றோ புனித வெள்ளியன்றோ பாடுகளின் வரலாற்றை வாசித்துவரும் நான் அந்த வரியை நின்று பார்த்ததில்லை. அந்தத் தாய் கேட்ட பிறகுதான் பார்த்தேன்.

அவருடைய கதையையே முதலில் எடுத்துக்கொள்வோம். 1987 ஜூலை 29இல் கொழும்பில் இந்திய இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. கையெழுத்திட்டவர்கள் பிரதமர் ராஜீவ் காந்தியும் குடியரசுத் தலைவர் ஜெயவர்த்தனாவும். எந்த மக்களுக்காக அது எழுதப்பட்டதோ, அவர்கள் சார்பில் ஒருவரும் கையெழுத்திடவில்லை. ஒப்பந்தத்தோடு இரு தலைவர்களும் கடிதங்களையும் பரிமாறிக்கொண்டனர். அவற்றில் திருகோணமலைத் துறைமுகம் இந்திய நலனுக்கு மாறாகப் பயன்படக் கூடாது என்பதும், அந்நியப் படையினர், அந்நிய ஒலிபரப்பு நிலையங்கள் ஆகியவற்றைப் பற்றிய உறுதிகளும் இருந்தன. அடிபட்டவனுக்குக் கட்டுப்போட வந்தவர் அவன் வீட்டு வாசலுக்கும் ஒரு பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டதுபோல இது எனக்குத் தோன்றுகிறது. ஒப்பந்தத்தினால் பயனே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. தமிழ் ஆட்சிமொழி என்பதும் மாகாண சபை என்பதும் அதன் வழியே வந்தவை. ஆனால் அமைதி காக்கச் சென்ற படை அக்டோபரில் போர் புரியும் படையாயிற்று. அம்மாதம் 21ஆம் நாள் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் மருத்துவர்களும் தாதியரும் நோயாளிகளும் கொல்லப்பட்டனர். 1990 மார்ச்சில் படை திரும்பியபோது 1,000க்கும் மேற்பட்ட இந்திய வீரர்களும் உயிரிழந்திருந்தனர். அவர்களும் தாய் பெற்ற பிள்ளைகளே.

பிறகு நார்வே வந்தது. 2002 பிப்ரவரியில் போர்நிறுத்த உடன்பாடு ஏற்பட்டது. 2003 ஜூனில் டோக்கியோ மாநாட்டில் அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், ஜப்பான், நார்வே ஆகியவை இணைத் தலைமை ஏற்க, 450 கோடி டாலர் உதவி வாக்களிக்கப்பட்டது. பேச்சுவார்த்தையின் ஒரு தரப்பான விடுதலைப் புலிகள் அம்மாநாட்டுக்குச் செல்லவில்லை. 2008 ஜனவரியில் இலங்கை அரசு உடன்பாட்டிலிருந்து விலகியது. 2009 மே மாதத்தில் எல்லாம் முடிந்தது. அம்மாதம் 27இல் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமை மன்றத்தின் சிறப்புக் கூட்டத்தில், இலங்கை அரசுக்கு ஆதரவான தீர்மானம் 29 வாக்குகளோடு நிறைவேறியது. எதிர்த்தவை 12, நடுநிலை வகித்தவை 6. ஆதரித்தவற்றில் இந்தியா, சீனா, பாகிஸ்தான் மூன்றும் இருந்தன. எல்லையில் இந்தியா நம்பாத மற்ற இரண்டும் இந்தியாவும் அன்று ஒரே பக்கம் கை உயர்த்தின. லூக்காவின் அந்த வரிக்கு நம் காலத்தில் இதைவிட நெருக்கமான உரை வேண்டுமா?

மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2011 ஜனவரியில் அரசு நியமித்த ஆணைக்குழுவின் முன் ஒரு கணக்கை வைத்தார். 2008 அக்டோபரில் வன்னியில் இருந்தவர்கள் அரசு அலுவலகப் பதிவுகளின்படி 4,29,059 பேர். அரசுக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் ஐ.நா. கணக்கின்படி 2,82,380 பேர். எஞ்சிய 1,46,679 பேர் எங்கே? அவர்கள் இறந்தார்கள் என்று ஆயர் சொல்லவில்லை. எங்கே என்று கேட்டார். 2021இல் அவர் மறையும்வரை அந்தக் கழித்தல் கணக்குக்கு விடை சொல்லப்படவில்லை. காயீனிடம் இறைவன் கேட்டதும் இதே கேள்விதான்.

ஆயினும் வல்லரசுகளின் ஒற்றுமை எப்போதும் சிலுவையில்தான் முடியும் என்று அந்தத் தாயிடம் சொன்னால் நான் பொய் சொன்னவனாவேன். ஆப்பிரிக்காவின் தென்மேற்கில் அங்கோலாவின் போர் உண்மையில் பலருடைய போர். ஒரு பக்கம் கியூபப் படையும் சோவியத் ஆயுதமும். மறுபக்கம் தென்னாப்பிரிக்கப் படையும் அமெரிக்க உதவியும். பனிப்போர் தணிந்தபோது வாஷிங்டனும் மாஸ்கோவும் தத்தம் நண்பர்களை இணங்கச் செய்தன. 1988 டிசம்பர் 22இல் அங்கோலா, கியூபா, தென்னாப்பிரிக்கா மூன்றும் நியூயார்க்கில் கையெழுத்திட்டன. கியூபப் படைகள் வெளியேறின. 1990 மார்ச் 21இல் நமீபியா விடுதலை பெற்றது. இது நன்மை, மறுக்க முடியாத நன்மை. ஆனால் அங்கோலாவுக்குள் நடந்த சண்டை அதனால் ஓயவில்லை. 1991இல் மீண்டும் ஓர் ஒப்பந்தம்; அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் போர்ச்சுக்கலும் சாட்சிகளாக நின்றன. 1992இல் தேர்தல் நடந்தது, தோற்றவர் ஏற்கவில்லை, போர் மீண்டும் தொடங்கியது. கிளர்ச்சித் தலைவர் சவிம்பி 2002 பிப்ரவரி 22இல் கொல்லப்பட்ட பின்னரே அது ஓய்ந்தது. இலங்கைப் போர்நிறுத்த உடன்பாட்டில் கொழும்பு கையெழுத்திட்டதும் அதே நாளில்தான்.

மொசாம்பிக்கின் கதை வேறு. அங்கும் பதினாறு ஆண்டுகள் உள்நாட்டுப் போர். அங்கே முதலில் கதவைத் தட்டியவை வல்லரசுகள் அல்ல. உரோமை நகரின் திராஸ்தேவெரே பகுதியில், பழைய கர்மேல் மடம் ஒன்றில் கூடி மாலைச் செபம் சொல்லியும் ஏழைகளுக்கு உணவளித்தும் வந்த சாந்த் எஜிதியோ என்னும் பொதுநிலையினர் குழு அது. 1990 ஜூலையில் அங்கே அரசுத் தரப்பும் கிளர்ச்சியாளரும் முதன்முறையாக எதிரெதிரே அமர்ந்தனர். நடுவே இருந்தவர்கள் நால்வர்: குழுவின் நிறுவனர் ஆந்திரேயா ரிக்கார்தி, இன்று கர்தினாலாக இருக்கும் அருட்தந்தை மத்தேயோ சூப்பி, பெய்ரா மறைமாநிலப் பேராயர் ஜைமே கொன்சால்வெஸ், இத்தாலிய அரசின் சார்பில் மாரியோ ரஃபேல்லி. இவர்களிடம் படை இல்லை. துறைமுகம் கேட்கவில்லை. இருபத்தேழு மாதங்கள் பேசினார்கள். வல்லரசுகள் பின்னரே நோக்கர்களாக வந்து அமர்ந்தன. 1992 அக்டோபர் 4, அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ்குவின் திருநாளன்று ஒப்பந்தம் கையெழுத்தானது.

இதைக் கேட்டதும் நம்மவர்க்கு ஒரு பெருமிதம் எழும். கொஞ்சம் பொறுக்க வேண்டும். செபத்தால் மட்டும் அது நடந்துவிடவில்லை. இரு தரப்பும் களைத்திருந்தன. கடும் வறட்சி வாட்டியது. ஆயுதம் தந்தவர்களுக்கு அக்கறை குறைந்திருந்தது. அங்கே 2013இல் மீண்டும் துப்பாக்கி முழங்கியதும், 2017 முதல் வடக்கே வேறொரு வன்முறை மூண்டதும் உண்மை. மேலும், எளியவர் நடுவராக வந்தால் போதும் என்றால் நார்வே வென்றிருக்க வேண்டுமே! அதுவும் சிறிய நாடுதான். நம் கடலில் அதற்குத் துறைமுகத் தேவையும் இல்லை.

அப்படியானால் வேறுபாடு எங்கே? நல்ல சமாரியர் உவமையைத் திரும்பப் படித்தேன். அவர் காயங்களைக் கட்டியதை எல்லாரும் பேசுகிறோம். அவர் சாவடிப் பொறுப்பாளரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்ததையும் பேசுகிறோம். மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்னாரே, அதை அதிகம் பேசுவதில்லை. டோக்கியோவில் தெனாரியங்கள் வாக்களிக்கப்பட்டன. திரும்பி வருவதாகச் சொன்னவர் எவருமில்லை. மொசாம்பிக்கில் கையெழுத்தான பிறகும் ஐ.நா. படை 1994 தேர்தல் முடியும்வரை தங்கியது, ஆயுதங்களைச் சேகரித்தது, வீரர்களை வீட்டுக்கு அனுப்பியது.

உவமையில் இல்லாத ஒன்றும் உண்டு. கள்வர் கையிலிருந்த தடியைச் சமாரியரே கொடுத்திருந்தால்? அப்போது அவர் செய்வதற்கு இரக்கம் என்று பெயரிட முடியாது. பரிகாரம் என்றே சொல்ல வேண்டும். பாவசங்கீர்த்தனத்தில் மனத்துயரும் அறிக்கையும் பரிகாரமும் வேண்டும் என்று நம் பிள்ளைகளுக்கு மறைக்கல்வியில் கற்பிக்கிறோம். நாடுகளோ முதல் இரண்டையும் விட்டுவிட்டு நேரே பாவமன்னிப்புக்கு வரிசையில் நிற்கின்றன. 2025 செப்டம்பரில் அமெரிக்கா, சவுதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், எகிப்து ஆகிய நான்கும் கூடி, சூடானில் மூன்று மாத மனிதநேயப் போர்நிறுத்தம் வேண்டும் என்று அறிவித்தன. அவற்றுள் ஒன்று கிளர்ச்சிப் படைக்கு ஆயுதம் தருவதாகக் குற்றம் சாட்டப்படுகிறது, அது மறுக்கிறது. இன்னொன்று அரச படையின் பக்கம் சாய்ந்தது. 2019 ஏப்ரலில் திருத்தந்தை பிரான்சிஸ் வத்திக்கானில் தென்சூடான் தலைவர்களின் முன் மண்டியிட்டு, அவர்கள் பாதங்களை முத்தமிட்டார். ஆயுதம் தந்தவர்களில் ஒருவராவது அப்படி அகதி முகாமில் ஒரு தாயின் முன் மண்டியிடக் கண்டோமா?

மற்றவர்களைச் சொல்லிக்கொண்டே போவது எளிது. தரமணியில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. உலகத் தமிழ் மாநாட்டு இயக்கத்தின் விளைவாக 1970இல் பிறந்தது அது. அந்த இயக்கத்தைத் தொடங்கியவர்களில் முதல்வர் ஊர்காவற்றுறைக்கு அருகிலுள்ள கரம்பொன்னில் பிறந்த கத்தோலிக்கக் குருவான தனிநாயகம் அடிகள். பல நாட்டு அறிஞர்களை ஒரே மேசையில் அமர்த்தியவர்; அவரும் படையில்லாதவர்தான். 1974 ஜனவரியில் யாழ்ப்பாண மாநாட்டின் கடைசி நாளில் மக்கள் மாண்டதைக் கண்டவர், 1980இல் மறைந்தார். மூன்று ஆண்டுகளுக்குப் பின், நம் தமிழ்நாட்டிலேயே பயிற்சி முகாம்கள் எழுந்தன; நம் அரசே இளைஞர் கையில் ஆயுதம் கொடுத்தது. நாம் கைதட்டினோம். இளங்குருமடத்தில் என் தகரப் பெட்டியின் உட்புறம் ஒரு போராளியின் படத்தை ஒட்டி வைத்திருந்தேன். அருகில் திரு இருதயப் படம். 1990 அக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் ஒரே வாரிசையில் தங்கள் வீடுகளிலிருந்து துரத்தப்பட்டபோதும், சிறுவர்கள் கையில் துப்பாக்கி தரப்பட்டபோதும் எங்கள் விசுவாசிகள் மன்றாட்டில் அவை இடம்பெற்றதாக எனக்கு நினைவில்லை. தடியைக் கொடுத்தவர்களின் வரிசையில் நானும் ஓர் ஓரமாக நின்றிருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு மன்றாட்டை மாற்றி எழுதினேன். சூடானுக்கு ஆயுதம் அனுப்புகிறவர்கள் அதை ஒப்புக்கொள்ளவும், அமைதி பேசுகிறவர்கள் இடையில் எழுந்து போகாமல் இருக்கவும், பேச்சு மேசையில் இடமில்லாதவர்களுக்கு இடம் கிடைக்கவும் என்று எழுதினேன். அது சற்று நீண்டுவிட்டது. வாசித்த இளைஞன் நடுவில் ஒருமுறை தடுமாறினான். அந்தத் தாய் அன்று வரவில்லை. மூட்டுவலி அதிகம் என்று மகன் சொன்னார். இந்த வாரம் நற்கருணை கொண்டு செல்லும்போது அவரிடம் அந்தத் தாளைக் காட்ட எண்ணியிருக்கிறேன்.