நானும் நாங்களும்

செவிலிமேட்டில் எனக்கு ஒரு சிநேகிதர் உண்டு. பட்டுத் தறி நெய்கிறவர். நாற்பது வருஷப் பழக்கம். இந்த நாற்பது வருஷத்தில் என் நாவல் ஒன்றைக்கூட அவர் படித்ததில்லை. சிநேகம் இவ்வளவு காலம் கெடாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

போன தை மாதம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். வழக்கமாக நான் திண்ணையில் கால் வைத்ததுமே ஓடிவரும் அவருடைய பேத்தி அன்று வரவில்லை. எட்டாம் வகுப்புப் படிக்கிறவள். தறிக்குப் பக்கத்தில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்கக் கூடாது என்பார்கள். அவளுக்கு உண்மையாகவே கப்பல் கவிழ்ந்திருந்தது.

அவள் படிக்கும் பள்ளியில் அட்டைப் படகுப் போட்டி வைத்தார்கள். நான்கு பிள்ளைகள் சேர்ந்து ஒரு படகு கட்ட வேண்டும். அட்டை, ஒட்டுகிற டேப், பெயிண்ட் இவற்றைத் தவிர வேறொன்றும் கூடாது. ஒரு மரக்குச்சி இருந்தாலும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். கட்டிய படகில் இரண்டு பேர் ஏறி நீச்சல் குளத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குத் துடுப்புப் போட்டுப் போக வேண்டும். இடுப்பளவுத் தண்ணீர்தான்.

பாலாறு கண்ணெதிரே இருக்கிற ஊரில் படகுக்கு நீச்சல் குளமா என்று நீங்கள் கேட்கலாம். 2021 நவம்பரில் அந்த ஆறு கரைபுரண்டு ஓடியதை ஊரே பாலத்தில் நின்று பார்த்தது. மற்றபடி பெரும்பாலான நாட்களில் அங்கே படகு விட வேண்டுமானால் மணலில்தான் விட வேண்டும். இராமாநுஜர் வரதருக்குத் தினமும் தீர்த்தம் சுமந்ததாகச் சொல்லும் சாலைக்கிணறும் இந்த ஊர்ப் பக்கம்தான். அவர்கூட ஆற்றை நம்பவில்லை, கிணற்றைத்தான் நம்பினார் என்று சிநேகிதர் வேடிக்கையாகச் சொல்வார்.

இந்த விளையாட்டு வந்தது அமெரிக்காவிலிருந்து. இல்லினாய் மாநிலத்தில் கார்பன்டேல் என்ற ஊரின் பல்கலைக்கழகத்தில், 1974-ல், ரிச்சர்ட் ஆர்ச்சர் என்ற ஆசிரியர் தம் வடிவமைப்பு மாணவர்களுக்கு இதைத் தேர்வாகவே வைத்தார். அட்டையில் படகு செய், ஏரியில் இறக்கு, ஏறி உட்கார்ந்து ஓட்டிக் காட்டு. விடைத்தாளில் பூசி மெழுகலாம். தண்ணீரிடம் அது நடக்காது. பின்னால் அது ஊரே கூடும் பந்தயமாக வளர்ந்து, மிகப் பிரமாதமாக மூழ்கிய படகுக்கு ‘டைட்டானிக்’ என்ற பெயரில் ஒரு பரிசும் ஏற்பட்டது. முழுகினவனையும் மேடைக்குக் கூப்பிடலாம் என்று தோன்றியதே, அந்த மனசு எனக்குப் பிடித்திருக்கிறது. பேத்தியின் பள்ளியில் அந்தப் பரிசு இல்லை.

படகை வரைந்தவள் அவள்தான். ஆறடி நீளம், இரண்டடி அகலம், ஓரடி உயரம். நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். ஒரு கன அடித் தண்ணீர் சுமார் 28 கிலோ. பிள்ளைகள் இருவரும் படகுமாக 90 கிலோ என்றால், படகு மூன்றேகால் அங்குலம் அமிழ்ந்ததும் தன் எடைக்கு எடை தண்ணீரை ஒதுக்கிவிடும். பாக்கி எட்டே முக்கால் அங்குலம் வெளியே நிற்கும். கணக்கில் ஒரு பிசகும் இல்லை. ஆனால் அட்டைக்குச் சத்துரு பாரம் அல்ல, ஈரம். இரண்டு தாளுக்கு நடுவில் நெளிநெளியாக இன்னொரு தாள் வைத்து ஒட்டியதுதான் பெட்டி அட்டை. பெயிண்ட் படாத இடத்தில் அது தண்ணீரைக் குடிக்கும். குடித்த தண்ணீர் அந்த நெளிவுகளின் வழியே குழாயில் போவதுபோல் போகும். அட்டை என்றால் என் சிநேகிதர் வீட்டில் ஜக்கார்டு அட்டைதான். துளை சரியாக விழுந்தால்தான் அங்கே புடவையில் பூ விழும். படகு அட்டையின் சங்கதி நேர் எதிர்.

பின்பக்கம், அடியில், ஒரு முழம் பெயிண்ட் இல்லாமல் இருந்திருக்கிறது. பாதிக் குளம் வரைக்கும் இவர்கள் படகுதான் முன்னால் போயிற்று. பிறகு பின்பக்கம் ஊறின அப்பளம் மாதிரி மடிந்தது. இரண்டு பிள்ளைகளும் தண்ணீரில் நின்றார்கள்.

“அடியில பெயிண்ட் அடிச்சது யாரு?” என்று மிஸ் கேட்டாராம். கோபமாக அல்ல, எங்கே தவறியது என்று பிள்ளைகளுக்குத் தெரியட்டுமே என்றுதான். பேத்தியும் இன்னும் இருவரும் ஒரே குரலில், “நாங்கதான் மிஸ்” என்றார்கள். நாலாவது பையன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். மிஸ் அதற்கு மேல் கேட்கவில்லை. நாலு பேருக்கும் ஒரே மதிப்பெண் போட்டுவிட்டார்.

“பெயிண்ட் அடிச்சது அவன் மட்டும்தான், தாத்தா. நான் தொடவேயில்லை. வாய் ‘நாங்க’ன்னு சொல்லிச்சு. மனசு ‘இவன்தான், இவன்தான்’னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. நான் சொன்னது பொய்தானே?”

இந்த மாதிரிக் கேள்விக்கு நாவலாசிரியன் கையில் இரண்டு மூன்று பதில் தயாராக இருக்கும். ஒரு குழு என்றால் ஒருவன் தவறு எல்லோருடைய தவறு, ஆகவே பொய் இல்லை என்று சொல்லலாம். பொய்தான், ஆனால் நல்ல பொய் என்று சொல்லலாம். காட்டிக்கொடுக்காமல் இருந்தாயே என்று முதுகில் தட்டிக்கூடக் கொடுக்கலாம். எதுவும் வாயில் வரவில்லை. ஏனென்றால் அவள் சொன்ன கதையில் நான் யாராக இருந்தேன் என்பது எனக்கு அதற்குள் தெரிந்துவிட்டது.

1970-களின் கடைசியில் ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியனாக இருந்தேன். எழுத்தெழுத்தாகக் கையால் அச்சுக் கோத்த காலம். ஒரு மரணச் செய்தியில், இறந்துபோன அண்ணன் பெயருக்குப் பதில் உயிரோடு இருந்த தம்பியின் பெயர் விழுந்துவிட்டது. கோத்தவர் ஒரு வயதான கம்பாஸிட்டர். புரூப் பார்த்தவன் நான். உண்மையில் பார்க்கவில்லை, கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று கடைசிப் பக்கத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். அடுத்த இதழில் “தவறுக்கு வருந்துகிறோம்” என்று ஒரு வரி வந்தது. வருந்துகிறோம்! அந்த ‘ஓம்’ விகுதிக்குள் நான் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டேன். அச்சுக்கூடத்தில் விசாரணை நடந்தபோது, “புரூப் யார் பார்த்தது?” என்று கேட்டார்கள். பெரியவர் என்னை ஒரு தடவை பார்த்தார். “நாங்கதாங்க பார்த்தோம்” என்றார். அரை வாரக் கூலி அவருக்குப் பிடித்தம் ஆயிற்று. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவர் என்னைக் காப்பாற்ற அப்படிச் சொன்னாரா, அல்லது நானே வாயைத் திறக்கட்டும் என்று ஓர் இடம் விட்டுக் கொடுத்தாரா? இத்தனை வருஷமாக எனக்குப் புரிபடவில்லை. திறக்க மாட்டேன் என்று தெரிந்ததும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது. ‘நாங்கள்’ என்ற போர்வைக்குள் கதகதப்பாகத்தான் இருக்கும் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உள்ளே படுத்துப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

இதையெல்லாம் அந்தக் குழந்தையிடம் சொல்லவில்லை. அதற்கும் தைரியம் வேண்டுமே! “உன் தாத்தாவைக் கேள். அவர் அறுபது வருஷமாக இரண்டு பேர் செய்கிற வேலையைத்தான் செய்கிறார்” என்று தள்ளிவிட்டேன்.

தப்பித்துக்கொள்ளச் சொன்னதானாலும் அதில் உண்மை இருந்தது. காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவை தனி ஆள் வேலை அல்ல. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் ஒவ்வொரு நாடா, ஆக மூன்று. நெய்கிறவர் ஒருவராக மூன்றையும் ஓட்ட முடியாது. ஒரு பக்கத்துக் கரைக்கு இன்னொருவர் உட்கார்ந்து நாடா தள்ள வேண்டும். முன்பெல்லாம் அது பிள்ளைகளின் வேலையாக இருந்தது. எத்தனையோ பிள்ளைகளின் படிப்பு அந்த இடத்தில்தான் நின்றது. இந்த வீட்டில் இப்போது சிநேகிதரின் மனைவி உட்காருகிறார். உடல் இழையும் கரை இழையும் ஒன்றையொன்று கொக்கி போலப் பற்றிக்கொள்ளும் இடம்தான் கோர்வை. ஒரு இழை பற்றத் தவறினால் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கும்போது அங்கே ஊசிமுனை அளவு ஓட்டை தெரியும். நூல் கொடுத்தவர் கூலியில் கை வைக்க அது போதும்.

“அந்த ஓட்டை யாரால வந்ததுன்னு உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டேன்.

“தெரியாம என்னங்க? எந்த நாள், எந்த நேரம்னுகூடச் சொல்லுவேன். அவ கவனம் அடுப்புல பாலுக்குப் போயிருக்கும்.”

“அப்போ என்ன சொல்வீங்க?”

“யார்கிட்டே?” என்று திருப்பிக் கேட்டார். “கூலி குடுக்கிறவர்கிட்ட ‘நான் பார்க்கலைங்க’ம்பேன். இவகிட்ட ‘நாம பார்க்கலையே’ம்பேன்.”

“அம்மா?”

“அவ என்கிட்ட ‘நான்தான்’னுவா.” உள்ளேயிருந்து அந்த அம்மாள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

நம் பாஷையில் ஒரு நுட்பம் இருக்கிறது. நாம் என்றால் கேட்கிறவனும் உள்ளே. நாங்கள் என்றால் கேட்கிறவன் வெளியே. தெலுங்கிலும் இந்த வேறுபாடு உண்டு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். பள்ளிக்கூடத்தில் மாணவர் குழு வேலை என்று கொடுக்கிறவர்கள் ஒற்றுமையைக் கற்றுக்கொடுப்பதாகச் சொல்கிறார்கள். அதில் பாதி, வெளியாரிடம் ‘நாங்கள்’ என்று சொல்லப் பழகுவது. அது சுலபமாக வந்துவிடுகிறது. கோஷ்டி சேர்ந்த எவனும் அதைச் சொல்வான், திருடர்கள்கூட. தமக்குள் ‘நாம்’ என்று சொல்லிக்கொள்வதற்கு மதிப்பெண் கிடையாது. அதனால் அது யார் கண்ணிலும் படுவதில்லை.

“அப்புறம் அந்தப் பையனோடு பேசினாயா?” என்று பேத்தியைக் கேட்டேன்.

“இல்லை. யாருமே பேசலை.”

“ஏன் பெயிண்ட் அடிக்காமல் விட்டானாம்?”

“பத்தலை. பெயிண்ட் அவன் பங்கு. அட்டை ஒருத்தன் மாமா கடையிலேர்ந்து கொண்டுவந்தான், ஃபிரிட்ஜ் வந்த பெட்டி. டேப் இன்னொருத்தி. நான் பிளான் போட்டேன். அவன் ஒரு சின்ன டப்பாதான் கொண்டுவந்தான்.”

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அட்டைக்குக் காசில்லை. பிளானுக்கு ஒரு பென்சில். டேப் கொஞ்சம். ஆறடிப் படகின் அடியும் பக்கமும் முழுக்கப் பூசுகிற பெயிண்டுக்குத்தான் உண்மையில் பணம் வேண்டும். குலுக்கிப் போட்டு எடுத்த சீட்டில் அது அந்தப் பையனுக்கு விழுந்திருக்கிறது.

சிநேகிதர் தறியிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: “அவங்க வீட்டுல தறி நின்னு ரெண்டு மாசமாகுது.”

சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

“அது எங்களுக்குத் தெரியாது” என்றாள் பேத்தி. சொன்னவுடனே அந்த ‘எங்களுக்கு’ அவள் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பொய்யா, மெய்யா என்ற அவள் கேள்விக்கு நான் கடைசி வரை பதில் சொல்லவில்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை. சாயங்காலம் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். எங்கே என்று கேட்டதற்கு, மிச்சம் டேப் இருக்கிறது, அவன் வீட்டில் கொடுக்க வேண்டும் என்றாள். டேப் அவனுடையது இல்லையே என்று பாட்டி வாயெடுத்தார். சிநேகிதர் கண்ணைக் காட்டவும் நிறுத்திக்கொண்டார்.

“போய் என்ன சொல்லப் போறே?” என்றேன்.

“தெரியலை தாத்தா.”

நான் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். அந்தக் கம்பாஸிட்டர் இறந்து வெகு காலமாகிறது. அவர் மகன் காஞ்சிபுரத்தில்தான் இருக்கிறான். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற சின்ன அச்சகம் வைத்திருக்கிறான். பஸ் நிலையத்திலிருந்து பத்து நிமிஷம் நடந்தால் போய்விடலாம். இதற்கு முன் இரண்டு தடவை அந்தத் தெரு வரைக்கும் போயிருக்கிறேன். அன்றைக்கும் போனேன். கடையில் வெளிச்சம் இருந்தது. உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. என்னவென்று ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டு எதிர்ப்புறத்தில் கொஞ்ச நேரம் நின்றேன்.